அண்ணன் குரலுக்குப் பின்னால்

இன்னும் அடிக்கவில்லை. ஃபோனைக் கவிழ்த்துப் போட்டான், திரும்ப நிமிர்த்தினான். கண்ணாடியில் விரிசல் விழுந்த இடத்தில் பனியன் பஞ்சு ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டி எடுத்தான், எடுத்த பஞ்சு விரலில் ஒட்டிக்கொண்டது. திருப்பூர் காதர்பேட்டைச் சந்து முழுக்கக் காலையிலிருந்து கரண்ட் இல்லை. மாதாமாதம் வருகிற ஷட் டவுன்தான், பேப்பரில் பெட்டி கட்டிப் போட்டிருந்தார்கள், சாயங்காலம் வரும் என்றால் சாயங்காலம் வந்துவிடும், இந்த ஊரில் இருட்டுக்குக்கூட நேரம் சொல்லி அனுப்புகிறார்கள். குடோனின் தகரக் கூரை சூட்டை அப்படியே தலையில் இறக்கியது. உசோமா எக்ஸ்போர்ட்டில் கழித்த செகண்ட்ஸ் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றினான், மாட்டினான், மறுபடி கழற்றினான். அண்ணன் ஒகேஸி இன்று கூப்பிடுவான். கூப்பிட்டதும் வருகிறேன் அல்லது வரவில்லை என்று சொல்லியாக வேண்டும், யோசிக்கிறேன் என்ற பதில் போன வாரத்தோடு தீர்ந்துவிட்டது. நைஜீரியாவில், ஆபாவில், சந்தைக்குப் பின்னால் ஒரு ஷெட்டை ஒகேஸி பேசி நிறுத்தி வைத்திருக்கிறான். ஷெட்டுக்காரர் இன்றைக்குள் பதில் கேட்கிறார், இல்லையென்றால் பிளாஸ்டிக் பக்கெட் விற்கிறவனுக்குக் கொடுத்துவிடுவார். நீ அங்கிருந்து மூட்டை மூட்டையாக அனுப்புகிற பனியனை இங்கேயே பின்னலாம், இங்கேயே தைக்கலாம், உனக்குத் தொழில் தெரியும், நாடு மாறிக்கொண்டிருக்கிறது, வா, சுகந்தியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. ஒவ்வொரு தடவையும் இதே வரிசை. நாடு மாறிக்கொண்டிருக்கிறது என்கிற இடம் வரும்போது ஒகேஸியின் குரல் கொஞ்சம் உயரும், மேடையில் பேசுகிறவன் மாதிரி, அந்த இடத்தில்தான் உசோமா ஃபோனைக் காதோடு இன்னும் அழுத்துவான்.

அழுத்துவது ஒகேஸி சொல்வதைக் கேட்பதற்காக இல்லை. அவனுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று கேட்பதற்காக. வெளிநாட்டில் இருக்கிற எல்லோரும் செய்கிறதுதான் இது, வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அங்கிருந்து சொல்வார்கள், சொல்கிறவர்களுக்குப் பின்னால் அந்த எந்திரம் வேறு கதை சொல்லும். உசோமாவுக்கு அதில் நல்ல தேர்ச்சி. பெரிய டீசல் என்றால் அடிவயிற்றில் உறுமும், பேங்க்காரர்களும் பாதிரியார்களும் வைத்திருப்பது. சின்னது என்றால் கொசு மாதிரி விடாமல் ரீங்காரம், அதற்கு ஊரில் ‘பக்கத்து வீட்டுக்காரனைவிட நான் மேல்’ என்றே பட்டப்பேர், கையில் தூக்கிக்கொண்டு போகலாம், ஒரு ஃபேனும் ஒரு பல்பும் ஒரு டிவியும் ஓடும், இஸ்திரிப் பெட்டியைச் சொருகினால் இருமிச் சாகும். ஒகேஸி வீட்டில் இருந்தது அந்தச் சின்னதுதான். வருஷக்கணக்காக அது அண்ணன் குரலோடு சேர்ந்தே வந்தது, அது இல்லாமல் அண்ணன் முகமே நினைவுக்கு வராது. ஆபாவில் கரண்டுக்கு லைட் என்றுதான் பேர். லைட் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது, இப்போதுதான் போனது, இப்போது வந்துவிடும் என்பான் ஒகேஸி, பின்னால் கொசு பாடிக்கொண்டிருக்கும், இருவரும் சிரிப்பார்கள். கொஞ்ச மாதங்களாக அந்தச் சத்தம் இல்லை. எந்த நேரத்தில் பேசினாலும் இல்லை. புதுக் கம்பெனி வந்திருக்கிறது, புது லைன் இழுத்திருக்கிறார்கள், இப்போதெல்லாம் லைட் போவதே இல்லை, என்று ஒகேஸி சொன்னபோது பின்னால் சுத்தமான அமைதி. உசோமா அந்த அமைதியை நகம் வைத்துச் சுரண்டிப் பார்த்தான். ஒன்றும் பெயரவில்லை. உனக்குச் சந்தோஷமாக இல்லையா என்று ஒகேஸி கேட்டான். இருக்கிறது, டெடே. மூத்தவனை அங்கே டெடே என்றுதான் கூப்பிட வேண்டும், பேர் சொன்னால் கன்னம் வீங்கும். சந்தோஷமாக இருக்கிறது, டெடே. ஃபோனை வைத்த பிறகு அந்தச் சந்தோஷம் ஏன் வரவில்லை என்று அவனுக்கு விளங்கவில்லை, அல்லது விளங்கியது, அதற்கு மேல் அந்தப் பக்கம் போகாமல் மூட்டையைப் பிரித்து ஓட்டை விழுந்த பீஸ்களைத் தனியாக எடுத்துப்போட ஆரம்பித்தான்.

இப்போது எடுத்துப்போட வெளிச்சம் இல்லை. இல்லாத வெளிச்சத்தில் நினைப்புதான் ஓடுகிறது. போன அக்டோபர் ஒன்றாம் தேதி, நைஜீரியாவின் சுதந்திர தினம், அவினாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்துத் திருப்பூரில் இருக்கிற நைஜீரியர்கள் எல்லோரும் கூடினார்கள், பச்சை வெள்ளைத் துணி கட்டினார்கள், மணமக்கள் உட்காரும் சிவப்பு நாற்காலியில் சங்கத் தலைவரை உட்கார வைத்தார்கள். ஒருவன் ஃபோனில் பாலம் காட்டினான், பார், லாகோஸில் புதுப் பாலம், ஐரோப்பா மாதிரி. இன்னொருவன், கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்பு, பாலத்துக்கு அடியில் படுத்திருக்கிறவனும் ஐரோப்பாவா என்றான். நீ துரோகி. நீ பாலம் கட்டினவனா. பெட்ரோல் விலை தெரியுமா. அது உலகம் முழுக்க ஏறியிருக்கிறது. அரிசிக்குக் கறி வருவதற்குள் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள், இருவருமே ஊருக்குப் போய்ப் பல வருஷம் ஆனவர்கள். உசோமா யார் பக்கமும் பேசவில்லை. முன்னேறவில்லை என்கிறவனைக் கேட்டபோது கோபம் வந்தது, முன்னேறிவிட்டது என்கிறவனைக் கேட்டபோது பயம் வந்தது, கோபம் எல்லோருக்கும் வருவது, அந்தப் பயம்தான் புதுசு. முன்னேறியிருந்தால். உண்மையாகவே முன்னேறியிருந்தால். அங்கே ஒன்றும் ஆகாது என்றுதானே கிளம்பினான், அப்பாவின் சாவுக்குக்கூடப் போகாமல் இருந்தான், டிக்கெட் கிடைக்கவில்லை என்றான், விசா சிக்கல் என்றான், சிக்கல் இருந்ததும் உண்மைதான். ஒன்றும் ஆகாத ஊருக்குத் திரும்பி என்ன செய்ய என்பது எல்லாவற்றுக்கும் அடியில் போட்ட கல். அந்தக் கல்லை யாரோ உருவுகிறார்கள். அவனோடு படித்தவர்கள், அவன் பரிதாபப்பட்டவர்கள், அங்கேயே கிடந்து, அங்கேயே திட்டிக்கொண்டு, ஒரு நாள் காலையில் எழுந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள் என்றால், இவன் இங்கே தகரக் கூரைக்குக் கீழே என்ன செய்துகொண்டிருக்கிறான்? ச்சே. சொந்த ஊரில் விளக்கு எரிந்தால் வயிறு எரிகிறவன் மனிதனா? எரியட்டும், எல்லா வீட்டிலும் எரியட்டும், என்று மனசுக்குள் சொன்னான், சத்தமாகச் சொன்னால் நம்பலாம் போலிருந்தது.

“ஏனுங் தம்பி, அந்தப் போனை எதுக்குங் இப்படி அடை காத்துட்டு உக்காந்திருக்கறீங்க? குஞ்சு பொரிக்குமுங்ளா?” பக்கத்துக் கடை வாசலில் மயிலாத்தாள் அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள். நாலு பவர் டேபிள் தையல் மெஷினும் ஒரு ஓவர்லாக்கும் போட்டுத் தைக்கிறவள், கரண்ட் இல்லாத நாளில் மெஷினுக்குப் பதிலாக அவள் வாய் ஓடும். அண்ணன் கூப்பிடுவாருங்க்கா என்றான். “என்னத்துக்குங்?” ஊருக்கு வரச் சொல்றாருங்க. அக்கா விசிறுவதை நிறுத்தினாள், கண் இவனைத் தாண்டிக் குடோனுக்குள் போய்ச் சுவரை அளந்தது. “போறதுன்னா முன்னாடியே சொல்லிப்போடுங்க. இந்தச் செவுத்தை இடிச்சா எனக்கு இன்னும் ரெண்டு மெசினு போட்டுக்கலாம்.” உசோமா சிரித்தான். “சிரிக்காதீங், நெசமாத்தான் சொல்றேன். நீங்க போய்ட்டா வேற எவனாச்சும் வந்து மாவு மில்லுப் போட்டான்னா என் துணியெல்லாம் வெள்ளையாப் போயிருமுங்.” அப்புறம், இவன் முகத்தைப் பார்த்து, “உங்கூர்ல கரண்டெல்லாம் இருக்குதுங்ளா?” அண்ணன் இருக்குதுன்னு சொல்றாருங்க. “அண்ணனே சொன்னா அப்புறம் என்னங்?” அதுதானுங்க்கா தெரியலை. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வெயில் இவனுக்குத் தலையில் ஏறிவிட்டதென்று முடிவு செய்தவள் போல, “மோரு குடிக்கறீங்ளா?” என்றாள், பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போனாள்.

அவளிடம் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? அவனிடம் இருக்கிற தமிழ் இந்தச் சந்தில் கற்றது, ரேட்டைக் குறைக்கத் தெரியும், சாயம் போகுமா என்று கேட்கத் தெரியும், பீஸ் கணக்கில் தப்பு இருந்தால் கத்தத் தெரியும், மரியாதை மட்டும் தேவைக்கு மேல் உண்டு, தெரு நாயைக்கூடத் தள்ளிப்போங்க என்றுதான் விரட்டுவான், சந்தே சிரிக்கும். இந்த மாதிரிப் பயத்துக்கு அந்தத் தமிழில் இடம் இல்லை. தாய்மொழியான இக்போவில் இருக்கிறதா என்று தேடினால் அதுவும் பாதியில் நிற்கிறது, அவனுடைய இக்போ ஊரை விட்டு வந்த வயதிலேயே நின்றுவிட்டது, மகள் கம்சியிடம் இக்போவில் ஒரு கதை சொல்லப்போய் நடுவில் காதர்பேட்டை வந்துவிடும். கம்சியிடம் பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த டீச்சர் உனக்கு எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார், கேட்டவர் ஆப்பிரிக்காவை எதிர்பார்த்திருப்பார், இவள் அனுப்பர்பாளையம் என்றிருக்கிறாள், அதுக்கு முன்னாடி என்று டீச்சர் விடாமல் கேட்க, அதுக்கு முன்னாடி காந்தி நகர்ல வாடகைக்கு இருந்தோம் மிஸ் என்றிருக்கிறாள். சுகந்தி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவனும் சிரித்தான், அப்புறம் மொட்டை மாடிக்குப் போய் நின்றான். இங்கே முடியைத் தொட்டுப் பார்க்கிறார்கள், அங்கே போனால் இந்தியா என்று கூப்பிடுவார்கள், எந்த ஊர் இவளை முதலில் கேள்வி கேட்காமல் விடும் என்பதுதான் கேள்வி, அதற்கு ஷெட்டும் விடை இல்லை, லைட்டும் விடை இல்லை. காலையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சுகந்தி சொன்னாள், அவள் பனியன் கம்பெனிச் செக்கிங் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் சொல்கிற எதுவும் தையல் பிரித்த மாதிரி நேராக வந்து விழும்: “போறதுன்னா சொல்லுங்க, வரேன். எங்கம்மா வீட்ல பேச்சே இல்லாமப் போனப்பவே உங்ககூட வந்தவதானே. ஆனா அங்க போயும் இதே மாதிரி போனைப் பாத்துட்டு உக்காந்திருந்தீங்கன்னா, அடுத்த பிளேன்ல நானும் கம்சியும் திரும்பிருவோம்.” எதற்கு உட்காரப்போகிறேன், அங்கேதான் அண்ணன் நேரிலேயே இருப்பானே என்றான். “இங்கிருக்கறவங்க போனை எதிர்பார்த்துத்தான்,” என்றாள் சுகந்தி, செருப்பை மாட்டினாள், போய்விட்டாள்.

எல்லாவற்றையும்விடக் கீழே இன்னொன்று கிடந்தது, அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான், இப்போது வேறு ஒன்றும் இல்லாததால் அதன் மேலேயே கால் பட்டது. உனக்குத் தொழில் தெரியும் என்கிறானே ஒகேஸி. எந்தத் தொழில்? உசோமாவுக்கு நூலைத் துணியாக்கத் தெரியாது, துணியைப் பனியனாக்கத் தெரியாது. தைத்து முடித்து எக்ஸ்போர்ட்காரன் கழித்துப்போட்டதை எடைக்கு வாங்கிப் பிரித்து மூட்டை கட்டி அனுப்பத் தெரியும், அவ்வளவுதான். அவன் ஒரு நாளும் எனக்கு ஃபேக்டரி இருக்கிறது என்று சொன்னதில்லை. ஆனால் அவன் பேசும்போதெல்லாம் பின்னால் மயிலாத்தாள் அக்காவின் மெஷின்கள் ஓடின, கடகடவென்று, எல்லாம் சேர்ந்து. ஒரு தடவை ஒகேஸி, உன் மெஷின்கள் நன்றாக ஓடுகிறதே என்று கேட்டபோது ஆமாம் என்றான், ஓடியது உண்மைதானே. அந்த ஆமாமிலிருந்துதான் ஷெட் முளைத்திருக்கிறது. அங்கே போய் அந்த ஷெட்டின் நடுவில் நின்றால், சரி, ஆரம்பி என்று ஒகேஸி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தால், என்ன செய்வான், மூட்டை கட்டுவானா? அக்கா மோரைக் கொண்டுவந்து வைத்தாள். உப்புத் தூக்கல். முதல் மடக்கைக் குடித்தபோது ஃபோன் அடித்தது.

“உசோமா.” “டெடே.” குடோனின் உள்பக்கம் நகர்ந்தான், ஃபோனை அழுத்தினான், பழக்கம், கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான். பின்னால் ஒன்றும் இல்லை. சாப்பிட்டாயா, பிள்ளை எப்படி இருக்கிறாள், வெயிலா மழையா என்று ஒகேஸி கேட்டுக்கொண்டே போனான், இவன் வாய் பதில் சொல்லிக்கொண்டே போனது, காது மட்டும் அண்ணனைத் தாண்டி அந்த வீட்டுக்குள் நடந்தது. அளவுக்கு மீறின அமைதி. லைட் இருக்கிற வீடு இப்படி இருக்காது, ஃபேன் கரகரக்கும், ஃபிரிட்ஜ் முனகும், எதிரே முடி வெட்டுகிறவன் பாட்டை அலறவிடுவான். இங்கே ஒரே ஒரு சத்தம்தான் இருந்தது, தப், தப் என்று, சீராக, மெதுவாக, ஒரு அட்டையை எடுத்து விசிறிக்கொள்கிற சத்தம். “ஷெட்டுக்காரர் மதியம் வருவார்,” என்றான் ஒகேஸி, “என்ன சொல்லட்டும்? இங்கே முன்ன மாதிரி இல்லை தம்பி, லைட்டே போறதில்லை, நேத்துகூட...” அந்த இடத்தில் ஆபா கத்தியது. தெரு முழுக்க, குழந்தைகள், பெண்கள், முடி வெட்டுகிறவன், யார் யாரோ, ஒரே குரலில், அப் நேப்பா! அப் நேப்பா! போன லைட் திரும்பி வரும்போது நைஜீரியா முழுக்க அப்படித்தான் கத்தும், நேப்பா என்பது பழைய மின்சார வாரியத்தின் சுருக்கப் பேர், அந்த வாரியம் போய் வருஷங்கள் ஆகிவிட்டன, அது இருந்ததைப் பார்க்காத பிள்ளைகளும் கத்துகிறார்கள். இங்கே உசோமாவின் கை தானாகத் தலைக்கு மேல் போனது, மோர் டம்ளர் உருண்டது, “அப் நேப்பா!” என்று தகரக் கூரை அதிரக் கத்திவிட்டான். வாசலில் மயிலாத்தாள் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “அய்யோ, யாருக்கு என்னாச்சுங்!” என்றாள்.

அந்தப் பக்கம் விசிறல் நின்றிருந்தது. ஒரு ஃபேன் கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது. இருவரும் அதைக் கேட்டார்கள். உசோமாவுக்கு உடம்பு முழுக்க ஏதோ இறங்கியது, நிம்மதி, கேவலமான நிம்மதி, நான் ஒன்றையும் இழக்கவில்லை, எல்லாம் அங்கே அப்படியேதான் இருக்கிறது, பார்த்தாயா, பார்த்தாயா. வரவில்லை என்று சொல்ல இனி ஒரு காரணம் கையிலேயே இருக்கிறது, அண்ணனே கொடுத்தது. “ஜெனரேட்டரை நிறுத்திட்டுத்தான் என்கிட்டப் பேசுவியா?” என்று கேட்டான். “ஆமா,” என்றான் ஒகேஸி. வேர்த்துக் கொட்டிய அண்ணனின் முகம் ஃபோன் வழியாகத் தெரிந்தது. “வேற என்ன பண்ண? நான் பேசறதை நீ என்னைக்குக் கேட்டிருக்கே? என் பின்னாடி என்ன கேட்குதுன்னுதானே கேட்பே. அதான் பின்னாடி இருந்ததை நிறுத்தினேன்.” உசோமா ஃபோனை மறு காதுக்கு மாற்றினான். “லைட் முன்னைக்கு இப்ப பரவாயில்லை, அதுவும் உண்மைதான். வருது, போகுது. பரவாயில்லைன்னு சொன்னா நீ வருவியா? அதனால போறதே இல்லைன்னு சொன்னேன்.” ஃபேன் சுற்றியது. “அந்த மெஷின்களும் உன்னோடது இல்லைன்னு எனக்குத் தெரியும்.” எப்படி என்று இவன் கேட்பதற்குள் ஒகேஸியே சொன்னான், “ஒரு நாள் நீ பேசிக்கிட்டிருக்கும்போது ஒரு பொம்பளை உன்னைத் திட்டினா. பாஷை புரியலை. ஆனா நீ பதில் சொன்ன தோரணை இருக்கே, மெஷினுக்குச் சொந்தக்காரன் அப்படிப் பதில் சொல்லமாட்டான்.” மூட்டை வைத்து வழியை அடைத்த அன்று. அக்கா கத்தியது, இவன் சரிங்க்கா சரிங்க்கா என்றது. உசோமாவுக்குச் சிரிப்பு வந்தது. தெரிந்துமா ஷெட் பேசினாய் என்றான். “ஷெட் இல்லைன்னா உன்னை எதைச் சொல்லிக் கூப்பிடறது? என் பெரிய பையன் கனடாவுக்குப் போயிட்டான், சின்னவன் துபாயில. எல்லாரும் நாடு எப்படி இருக்குன்னு கேட்கிறாங்க. நாடு எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் இந்த வீட்டுக்குள்ள இருக்கேன்.”

வாசலில் நின்ற அக்கா உருண்ட டம்ளரைக் குனிந்து எடுத்தாள், இவனுடைய முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் தன் கடைக்குள் போனாள். லைட் இல்லாத ஊருக்கு எப்படி வருவது என்று சொல்லிவிடலாம், சுலபம், அண்ணனும் தலையாட்டுவான், நாளைக்கு மண்டபத்தில் யாராவது கேட்டால் அதையே சொல்லலாம், எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். சொல்ல வாயெடுத்தவன் அதை விழுங்கினான். “ஷெட்டை விட்டுடு, டெடே,” என்றான். “லைட்டுக்காக இல்லை. லைட் போகாம இருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன்.” சொன்னதும் உள்ளே எதுவோ தரை தட்டியது. ஃபேன் கரகரத்தது. தெருவில் கத்தல் ஓய்ந்து, முடி வெட்டுகிறவன் பாட்டைப் போட்டுவிட்டான். “சரி,” என்றான் ஒகேஸி. “பக்கெட்காரனுக்கே கொடுக்கச் சொல்றேன்.” உசோமா ஃபோனை வைத்துவிடுவான் என்று அண்ணன் காத்திருந்தான், இவன்தான் எப்போதும் முதலில் வைப்பவன், வேலை இருக்கிறது டெடே, அப்புறம் பேசுகிறேன் என்பான். “வெச்சுடாதே,” என்றான் ஒகேஸி அவசரமாக, நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. “ஃபேனுக்குக் கீழே வந்து உட்கார்ந்துக்கறேன். லைட் இருக்கிற வரைக்கும் பேசலாம்.” பேசு என்றான் உசோமா. எதைப் பற்றி என்று அண்ணன் யோசித்தான். அப்புறம், போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கடைவாய்ப் பல் ஒன்று வலிக்கிறது, இடது பக்கத்தில் எதையும் மெல்ல முடியவில்லை, என்று ஆரம்பித்தான். உசோமா மூட்டையில் சாய்ந்துகொண்டு, எந்தப் பல், மேலேயா கீழேயா என்று கேட்டான்.